முழுக்குப் போடும் முன் தெரிய வேண்டிய எண்

புதுச்சேரியில் வில்லியனூரை ஒட்டி ஓடும் சங்கராபரணி ஆறு, திருக்காஞ்சியில் கங்கைவராக நதீஸ்வரர் கோயில் படித்துறையைத் தொட்டுக்கொண்டு போகிறது. மாசி மகத்தன்று அந்தப் படித்துறையில் கால் வைக்க இடம் இருக்காது. 2023-இல் ஏப்ரல் 22 முதல் மே 3 வரை அங்கே புஷ்கரணி விழா நடந்தது. பன்னிரண்டு நாளும் உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களுமாக வந்து முழுகிவிட்டுப் போனார்கள்.

அதே ஆறு கிழக்கே போய் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில் இருக்கிறது சின்ன வீராம்பட்டினம். அங்குள்ள ஈடன் கடற்கரைக்கு 2021 செப்டம்பரில் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டக் கோவளமும் அதே அறிவிப்பில்தான் அந்தச் சான்றிதழைப் பெற்றது. குளிப்பவர்களுக்காகக் கடல்நீரைச் சோதித்து, முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது நீலக்கொடியின் விதிகளில் ஒன்று.

ஆக, ஒரே ஆற்றின் தண்ணீர் சென்று சேரும் கடற்கரையில் குளிக்க வருபவருக்கு ஒரு சோதனை முடிவைக் காட்ட ஏற்பாடு உண்டு. ஆற்றின் மேல்பக்கம் முழுகுகிறவருக்கும், தெற்கே பாகூர் கொம்யூனின் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் கரைகளில் அலையில் ஆடும் பிள்ளைகளுக்கும் அதே ஏற்பாடு ஏன் இருக்கக் கூடாது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தப் பலகையில் எழுதப்படும் எண் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீலக்கொடித் திட்டம் 1985-இல் பிரான்சில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது. இப்போது டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை அதை நடத்துகிறது. மொத்தம் 33 நிபந்தனைகள். கழிப்பறை, குப்பைத் தொட்டி, உயிர்காப்பாளர், மாற்றுத்திறனாளிகள் இறங்கும் பாதை எல்லாம் அவற்றில் அடக்கம். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை நீரின் தரம்தான். குளிக்கும் பருவத்தில் இரண்டு சோதனைகளுக்கு இடையே 31 நாளுக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஆட்கள் அதிகம் குளிக்கும் இடத்தில், நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு அடி ஆழத்தில் மாதிரி எடுக்க வேண்டும். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலை 250-க்கும், எண்டரோகாக்கஸ் 100-க்கும் மேல் போகக் கூடாது. 95 விழுக்காடு நேரம் இந்த வரம்புக்குள் இருக்கும் கரைக்கே சான்றிதழ். அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

ஈ.கோலையும் எண்டரோகாக்கஸும் மனிதக் குடலிலும் ஆடு மாடு, பறவைகளின் குடலிலும் வாழும் பாக்டீரியாக்கள். ஈ.கோலையை ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக் 1885-இல் கண்டறிந்தார். இவற்றில் பெரும்பாலானவை நோய் தருவதில்லை. பிறகு ஏன் இவற்றை எண்ணுகிறார்கள்? நோய் தருபவை வேறு. டைபாய்டு, காலராக் கிருமிகள், ஹெபடைடிஸ் ஏ வைரஸ், வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸ் என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை, தனிச் செலவு. தண்ணீரில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். எடுத்த குப்பியில் சிக்காமலே போகலாம். ஈ.கோலையும் எண்டரோகாக்கஸும் மலத்தில் கோடிக்கணக்கில் இருப்பவை. ஆகவே அவை தண்ணீரில் தென்பட்டால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்த இடத்தில் மற்ற கிருமிகளும் இருக்கக்கூடும்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா என்று பலரும் கேட்பார்கள். 2023 அக்டோபரில் புதுச்சேரி கடற்கரையை ஒட்டிக் கடல் செந்நிறமானபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது, அதிகாரிகள் மாதிரி எடுக்க ஓடி வந்தார்கள். நிறம் மாறினால் எல்லோரும் கவனிக்கிறோம். மலக்கிருமி நீரின் நிறத்தை மாற்றாது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீரிலும் வரம்பைப் போலப் பத்து மடங்கு கிருமி இருக்கலாம். சேறு கலங்கிய தண்ணீர் சோதனையில் தேறிவிடவும் கூடும்.

எண்ணும் வேலை பொறுமை கேட்பது. கிருமி நீக்கிய குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவர் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குவார். தன் காலால் கலங்கிய மணல் குப்பிக்குள் வராதபடி, அலை வரும் திசையைப் பார்த்து நின்று, மூடியைத் தண்ணீருக்கு அடியிலேயே திறந்து நிரப்புவார். குப்பி பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகும். வெயிலில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், வெதுவெதுப்பில் வைத்தால் பெருகிவிடும். எப்படியானாலும் எண் பொய்யாகிவிடும். எனவே ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தாக வேண்டும்.

இந்தியாவில் பழகிப்போன முறை, பல குழாய் முறை. மாதிரி நீரை வெவ்வேறு அளவுகளில் ஊட்டக் கரைசல் நிரப்பிய சோதனைக் குழாய்களில் விடுவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கவிழ்த்து வைத்த குட்டிக் குழாய் ஒன்று இருக்கும். ஈ.கோலையும் அடங்கிய கோலிஃபார்ம் வகைப் பாக்டீரியா இருந்தால் கரைசலைத் தின்று வாயுவை விடும். குட்டிக் குழாயின் தலையில் குமிழி சேரும். 35 டிகிரியில் இரண்டு நாள் வரை இன்குபேட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, குமிழி வந்த குழாய்களிலிருந்து ஒரு துளியை எடுத்து இன்னொரு கரைசலில் இட்டு 44.5 டிகிரியில் மேலும் ஒரு நாள் வைப்பார்கள். அந்தச் சூட்டைத் தாங்கி வளர்பவை பெரும்பாலும் சூடான குருதி கொண்ட உயிர்களின் குடலிலிருந்து வந்தவை; இவற்றையே மலவழிக் கோலிஃபார்ம் என்கிறார்கள். எத்தனை குழாயில் குமிழி வந்தது என்பதை அட்டவணையோடு ஒப்பிட்டால், 100 மில்லியில் இருந்திருக்கக்கூடிய எண்ணிக்கை கிடைக்கும். அறிக்கைகளில் 'எம்.பி.என்.' என்று காணப்படுவது இந்த நிகழ்தகவுக் கணக்குதான்.

இன்னொரு முறையில் 0.45 மைக்ரான் துளைகள் கொண்ட வடிதாள் வழியே நீரை உறிஞ்சி இழுப்பார்கள். தாளில் தங்கும் ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு நாளில் ஒரு குடியிருப்பாகப் பெருகி, கோலத்துக்கு வைத்த புள்ளிபோலக் கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும்.

எண் கிடைத்துவிட்டது. எந்த எண்ணைத் தாண்டினால் ஆபத்து? இதற்கு மனிதர்களே கடலில் இறங்கிப் பதில் கண்டிருக்கிறார்கள். 1989 முதல் 1992 வரை பிரிட்டனின் நான்கு கடற்கரைகளில் தன்னார்வலர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் கடலில் இறங்கித் தலை முழுகினார்கள், மற்றவர்கள் கரையிலேயே இருந்தார்கள். குளித்தவர்கள் நின்ற இடத்து நீரை அந்தந்த நேரத்தில் சோதித்தார்கள். 1994-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. 100 மில்லியில் மலவழி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதாவது எண்டரோகாக்கஸ் வகை, 32-ஐத் தாண்டியதும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஏறத் தொடங்கின. ஈ.கோலையோடு இப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அமெரிக்காவில் 1970-களில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டின. காரணம் எளிது. உப்புநீரிலும் வெயிலிலும் ஈ.கோலை சீக்கிரம் சாகும். எண்டரோகாக்கஸ் தாக்குப்பிடிக்கும். கடலில் நோய் தரும் வைரஸ்களும் அப்படித்தான் தாக்குப்பிடிக்கின்றன.

இந்திய விதிகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆறு, குளங்களில் குளிக்கும் நீருக்கு மலவழிக் கோலிஃபார்ம் 100 மில்லியில் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2,500 உச்சவரம்பு. மலவழி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் 100, 500 என்று வரம்பு உண்டு. நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கடலில் குளிக்கும் பகுதிகளுக்கு வேறு வகுப்பு. அங்கே மலவழிக் கோலிஃபார்ம் 100 தான் வரம்பு, ஆற்றைவிடக் கறாரானது. ஆனால் கடலுக்கு மிகப் பொருத்தமான எண்டரோகாக்கஸ் அந்தக் கடல்நீர் அட்டவணையில் இல்லை. ஆற்றுக்குச் சேர்த்ததைக் கடலுக்குச் சேர்க்காமல் விட்டது பெரிய குறை. அதைத் திருத்தத் தயங்க வேண்டியதில்லை.

வெப்ப நாடுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் 1990-களில் நடந்த ஆய்வுகள், மலம் கலக்காத ஈர மண்ணிலேயே ஈ.கோலையும் எண்டரோகாக்கஸும் பிழைத்துப் பெருகுவதைக் காட்டின. மழைநீர் அந்த மண்ணை அடித்துக்கொண்டு வந்தால் எண் எகிறும். ஆகவே நம் ஊர் ஆறுகளில் மழைக்குப் பின் வரும் பெரிய எண் முழுவதும் சாக்கடையிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அலட்சியம் செய்யவும் முடியாது. மண்ணை அடித்து வரும் அதே வெள்ளம்தான் மாட்டுக் கொட்டகையையும் நிரம்பிய செப்டிக் டேங்க்கையும் திறந்தவெளிக் கழிவையும் கழுவிக்கொண்டு வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணி கரைபுரண்டது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையில் உள்ள பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த வெள்ளம் அத்தனையும் கடைசியில் போய்ச் சேர்ந்தது கடலில்தான்.

கடலில் சேர்ந்த பிறகு எந்தப் பக்கம் போகும் என்பதில்தான் பாகூர்க் கரையின் தனித்தன்மை இருக்கிறது. வடக்கே சுண்ணாம்பாற்று முகத்துவாரம், தெற்கே கடலூர் பக்கம் தென்பெண்ணையின் முகத்துவாரம். இந்தக் கரையோரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறி வடக்கிலிருந்து தெற்கே வரும். அதாவது ஆனி, ஆடியில் நரம்பைக் கரைக்குத் தெற்கத்தித் தண்ணீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்பாறும் புதுச்சேரி நகரமும் கடலில் விடுவது தெற்கே இறங்கி வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடு முழுவதும் அடையாளம் கண்ட 351 மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளில் சுண்ணாம்பாறும் ஒன்று. ஈடனில் எடுத்த ஒரு குப்பியின் முடிவைப் பனித்திட்டுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

இடத்துக்கு இடம் மட்டுமல்ல, நேரத்துக்கு நேரமும் எண் மாறுகிறது. கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் கடற்கரையில் ஆராய்ச்சியாளர்கள் 10 நிமிடத்துக்கு ஒரு முறை மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அடுத்தடுத்த குப்பிகளிலேயே எண்ணிக்கை தாவித் தாவி மாறியது. இரவில் ஏறியது, வெயில் ஏற ஏற இறங்கியது. இன்று எடுத்த மாதிரியின் முடிவு நாளையோ அதற்குப் பிறகோதான் கையில் கிடைக்கும். அதற்குள் அந்தத் தண்ணீர் எங்கோ போயிருக்கும். குளித்தவரும் வீட்டுக்குப் போயிருப்பார்.

2025-இல் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் நடந்தது இதுதான். ஜனவரியில் எடுத்த மாதிரிகளில் மலவழிக் கோலிஃபார்ம் குளிக்கும் நீரின் வரம்பைத் தாண்டியிருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கை பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் முழுகி முடித்திருந்தார்கள். சோதனை செய்தது சரிதான். ஆனால் முழுகப் போகிறவருக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

இந்தத் தாமதத்தைக் குறைக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ மாவட்டம் 2022 மே மாதத்திலிருந்து பாக்டீரியாவை வளர்க்காமல் அதன் மரபணுவையே அளந்து, மாதிரி எடுத்த நாளிலேயே முடிவு சொல்கிறது. கருவிக்கு விலை அதிகம். செலவில்லாத வழி ஒன்றைப் பாரிஸில் பார்க்கலாம். பாரிஸ் நகரம் சேன் ஆற்றில் 1923 முதல் குளிக்கத் தடை விதித்திருந்தது. 2024 ஒலிம்பிக்கில் மழை பெய்து நீர் கெட்டதால் ஆண்களுக்கான டிரையத்லான் போட்டி ஒரு நாள் தள்ளிப்போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் குளிக்கத் திறந்துவிட்டார்கள். தினமும் சோதனை. அன்றைய நிலவரத்தைக் கொடியின் நிறம் சொல்லும். மழை பெய்தால் முடிவுக்குக் காத்திராமல் மூடிவிடுகிறார்கள். இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குக் கருவி எதுவும் வேண்டாம். மழைமானியும், அதைப் பார்த்து முடிவெடுக்க ஒரு ஆளும் இருந்தால் போதும்.

இப்படி உரிய நேரத்தில் எச்சரிப்பது வில்லியனூருக்குப் புதிதில்லை. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் அதை அறிவிப்பார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்வார்கள். சுனாமி தாக்கிய 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தில் அதே திட்டத்தின் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் மக்கள் ஓடித் தப்பினார்கள். கடலைப் பற்றிய ஒரு தகவலை உரிய நேரத்தில் கடைசி வீடுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதை இந்தப் பகுதி உலகத்துக்கே செய்து காட்டியிருக்கிறது. அலை உயரத்துக்குச் செய்ததை நீரின் தரத்துக்கும் செய்யலாம்.

ஆட்களும் இருக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கும் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்கிறார்கள். பாக்டீரியா இருந்தால் கறுக்கும் சிறு குப்பியும் இத்தகைய சோதனைகளில் பயன்படுகிறது. குவாலியர் ராணுவ ஆய்வுக்கூடத்தில் மஞ்சாவும் அவருடைய சகாக்களும் 1982-இல் வெளியிட்ட இந்திய முறை அது. ஆனால் அந்தக் குப்பியை ஆற்றங்கரைக்கு எடுத்துப் போவதில் பயனில்லை. குடிநீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதனால் 'உண்டு', 'இல்லை' என்ற பதில் போதும். ஆற்றிலும் கடலிலும் கொஞ்சம் எப்போதும் இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஆகவே கிராமத்துப் பெண்கள் முறைப்படி மாதிரி எடுத்துக் கொடுக்க, எண்ணும் வேலையை ஆய்வுக்கூடம் செய்வதே சரியான பங்கீடு.

பிள்ளைகளுக்காகவாவது இதைச் செய்ய வேண்டும். நீச்சல் குளத்தில் முக்கால் மணி நேரம் ஆடினால் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லி தண்ணீரை விழுங்குகிறார்கள், சிறுவர்கள் 37 மில்லி. 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணக்கு இது. ஒரே தண்ணீரில் குளித்தாலும் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் கிருமி இரண்டு மடங்குக்கும் மேல்.

பலகை வரும்வரை குளிப்பவர்கள் தாங்களே கடைப்பிடிக்கக்கூடியவை சில உண்டு. பெருமழை பெய்தால் கடலில் இரண்டு மூன்று நாளும், ஆற்றில் வெள்ளம் வடிந்து தெளியும்வரையும் இறங்க வேண்டாம். முகத்துவாரத்துக்கும் வடிகால் வாய்க்கால் கடலில் விழும் இடத்துக்கும் அருகே குளிக்க வேண்டாம். காலில் புண் இருந்தால் தேங்கிய வெள்ளநீரில் நிற்கவே கூடாது. எலி, மாட்டுச் சிறுநீர் வழியே வரும் லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் ஏறும், ஈ.கோலை எண்ணிக்கை அதைக் காட்டாது. குளித்துவிட்டு வந்து நல்ல தண்ணீரில் கையைக் கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். நீரின் தரம் நன்றாக இருக்கிறது என்றால் கடல் பத்திரமானது என்று அர்த்தமில்லை. இந்தக் கரையில் இழுப்பு நீரோட்டம் உண்டு. அது தனி ஆபத்து, அதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளும் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும் சேர்ந்து செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. திருக்காஞ்சிப் படித்துறையிலும் பாகூர்க் கடலோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு மாதிரி. மாசி மகத்துக்கு மூன்று நாள் முன்பு கூடுதலாக ஒன்று, முதல் நாள் மாலையே அதன் முடிவை ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். எண், தேதி, குளிக்கலாம் அல்லது குளிக்க வேண்டாம் என்ற ஒரு வரி, இவற்றைத் தமிழில் தாங்கிய பலகை. அடுத்த மாசி மகத்துக்குள் முதல் பலகையைத் திருக்காஞ்சியில் நட்டுவிட முடியும். பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஊர் மக்கள் எழுதிக் கேட்க வேண்டும்.